வாயைச் சுற்றிய கறுப்பும் பெயரில்லாத டப்பாவும்

கண்டக்குழி, குடாவை, ஆலங்குடா, ஏத்தாளை, நுரைச்சோலைப் பக்கமெல்லாம் வீட்டு முன்னறையில் கண்ணாடி மாட்டி பார்லர் நடத்தும் சகோதரிகளுக்கு,

நோன்பும் தவக்காலமும் முடிந்துவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு பக்கம் நிக்காஹ், இன்னொரு பக்கம் கோயில் கல்யாணம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நான் கற்பிட்டி வீதியில் ஒரு பாமசியில் நிற்பவள். உங்களிடம் வருகிற பெண்கள்தான் என்னிடமும் வருகிறார்கள். உங்களிடம் முதலில், என்னிடம் பிறகு, டொக்டரிடம் கடைசியாக. வாயைச் சுற்றிக் கறுத்துப்போன முகத்துக்கு இந்த வரிசைதான் பெரிய கேடாகிறது என்பது என் எண்ணம். அதை மாற்றக்கூடியவர்கள் வரிசையில் முதலில் நிற்கிற நீங்கள்.

கல்யாணம் பேசி முடித்த பிள்ளையோடு வருகிற தாய் என்ன சொல்வாள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வாயைச் சுத்தி மட்டும் கறுப்படிச்சிருக்கு, என்னவாவது செய்ங்க." இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது என்பாள். உங்களில் சிலர் பிளீச் கரைப்பீர்கள். சிலர் மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, "இரவைக்கு மட்டும் பூசுங்க" என்பீர்கள். அந்தக் கறுப்பு எதனால் வந்தது என்று கேட்பவர் மிகக் குறைவு.

பலருக்கு அது எதனாலும் வந்ததல்ல. நம் நாட்டிலும் இந்தியாவிலும் மாநிறமும் கறுப்புமாக உள்ளவர்களில் வாயோரம், கண்ணைச் சுற்றி, நெற்றியோரம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருப்பது பிறவி நிறம். தாயின் முகத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் தோலில் நிறம் செய்யும் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். நம்முடையவை கூடுதலாக மெலனின் செய்கின்றன; சின்னக் காயம், சொறி, சூடு எது பட்டாலும் உடனே இன்னும் கொஞ்சம் செய்துவிடுகின்றன. முகத்தில் ஓயாமல் அசைவதும் நனைவதும் வாய்ப்பக்கம்தான். எச்சில், பற்பசை, புளி, மிளகாய், நூல், வெயில் எல்லாம் படுகிற இடம் அது. ஆகவே அங்கே கறுப்பது அதிசயமில்லை. பிறவி நிறத்துக்கு மருந்து தேவையில்லை, அதை ஒரு நோய்போலப் பேசவும் கூடாது. "இது உங்கட உம்மாட நிறம், பிள்ளைக்கு வடிவாத்தான் இருக்கு" என்று பார்லர்க்காரியே சொன்னால் அந்த வார்த்தைக்கு வீட்டில் இருக்கிற மதிப்பு வேறு.

புதிதாக வந்த கறுப்பு வேறு கதை. ஆறு மாதத்துக்கு முன் இல்லை, இப்போது இருக்கிறது என்றால் காரணம் ஒன்று உண்டு.

முதலில் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். பிடரியில், கக்கத்தில் தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோலக் கறுத்திருக்கிறதா? நம் தாய்மார் இதை அழுக்கு என்று நினைத்து தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்ப்பார்கள். பிள்ளை அழ அழத் தேய்த்த கழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். அது அழுக்கல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கும்போது அது தோலின் கலங்களைத் தூண்டி வளரவைக்கிறது. அதன் அடையாளம் இது. வாயோரமும் இதனால் கறுக்கும். அதோடு நாடியில் மயிர் முளைக்கிறது, மாதவிலக்கு இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளிப்போகிறது, எடை கூடுகிறது என்றால் சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். அந்தப் பெண் உங்களிடம் நாடி மயிர் எடுக்கத்தான் வருவாள். அப்பர் லிப்புக்கும் நாடிக்கும் மாதம் தவறாமல் வருகிறவளை உங்களைப்போல நெருக்கமாகப் பார்ப்பவர் வேறு யாருமில்லை. "மாசம் மாசம் சரியா வருதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி பார்ப்பதற்குக் காசில்லை. முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் நடத்தும் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது; 1996இல் தொடங்கிய திட்டம், இன்றும் நம் பெண்களில் பாதிப் பேருக்கு அது எதற்கு என்று தெரியாது. இன்சுலினால் வந்த இந்தக் கறுப்பு எடை குறைந்து சீனி கட்டுக்குள் வந்தால் தானாக மங்கும். எந்தக் கிறீமுக்கும் அது மசியாது.

அடுத்தது உங்கள் கைவேலையைப் பற்றி, கோபப்படாதீர்கள். நூல் போட்டு மயிரை இழுக்கும்போது தோலின் மேற்படையும் கொஞ்சம் உரியும். அது இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். ஆனால் அதே இருக்கையில், அதே தோலின் மேல் பிளீச் போட்டால்? பிளீச் என்பது ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அமோனியாவும். எரியும். "எரியட்டும், அப்பதான் பிடிக்கும்" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அன்றைக்கு முகம் வெளுத்துத் தெரியும். அடுத்த மாதம் மேலுதட்டில் மீசைபோல ஒரு நிழல் விழும். அதைப் போக்க மறுபடி உங்களிடமே வருவாள். இரண்டுக்கும் இடையில் ஒரு கிழமையாவது விடுங்கள். நூல் போட்ட பிறகு குளிர்ந்த தண்ணீர்த் துணி, வாசனையில்லாத வாஸ்லின், அவ்வளவு போதும். மெழுகு சூட்டை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சிவந்திருக்கிற, சொறிகிற வாயோரத்தில் நூல் போட மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த நூலைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம், அதை விடுங்களேன். கழுத்தில் கட்டிச் செய்யலாம்.

வீட்டு வைத்தியங்களில் நான் சண்டை பிடிக்கிற ஒன்று தேசிக்காய். சீனியில் தேசிக்காய்ச் சாறு பிழிந்து உதட்டைச் சுற்றித் தேய்க்கச் சொல்லாத யூடியூப்காரியே இல்லை. தேசிக்காய்த் தோலிலும் சாற்றிலும் இருக்கிற ஒரு பொருள், வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். அடுத்த நாள் சிவக்கும், சிலருக்குக் கொப்புளிக்கும், பிறகு சாறு வழிந்த வழியிலேயே கறுப்புக் கோடு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். இந்த ஊர் வெயிலில் இது விளையாட்டல்ல. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டுப் பாகை வடக்கே. ஏப்ரலில் ஒருக்கா, ஆகஸ்ட் கடைசியில் ஒருக்கா சூரியன் நேரே உச்சந்தலைக்கு வருகிறது.

இன்னொன்று கஜு. புத்தளம் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் பச்சைக் கஜுக்கொட்டையைப் பல்லால் கடித்து உதடு வெந்த கதை ஒன்று இருக்கும். தோட்டில் இருக்கிற அந்த எண்ணெய் தோலை எரித்து, ஆறும்போது கறுப்பை விட்டுச் செல்கிறது. மாங்காய்ப் பாலும் அதே குடும்பம். பற்பசையையும் சந்தேகப்படுங்கள். கறுவா, கராம்பு மணம் போட்ட பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாயோரம் லேசாக அரித்து, செதிள் விட்டு, மெல்லக் கறுக்கும். மணமில்லாத சாதாரணப் பசைக்கு மாறி ஒன்றரை மாதம் பார்த்தால் தெரிந்துவிடும். லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். பழைய லிப்ஸ்டிக்கை எல்லாப் பெண்களுக்கும் ஒரே பிரஷ்ஷால் பூசுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கண்டக்குழிக் கடற்கரைக்கு பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வருகிறார்கள். அதே காற்று நம் பிள்ளைகளின் உதட்டை உலர்த்துகிறது. உதடு காய்ந்தால் நக்குவார்கள், நக்கினால் இன்னும் காயும். எச்சிலில் இருக்கிற செரிமான நொதிகள் தோலை அரிக்கும். வாயைச் சுற்றி வட்டம் போட்டதுபோல ஒரு கறுப்பு வளையம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பார்த்திருப்பீர்கள். அதற்கு மருந்து வாஸ்லின், நாளுக்கு ஐந்தாறு தரம். கடைவாய் வெடித்து வெந்து கிடந்தால் இரும்புச்சத்தும் பி விட்டமின்களும் குறைவா என்று பார்க்க வேண்டும்.

வாடியில் கருவாடு புரட்டுகிற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்காடு போட்டிருக்கிறார்கள், தொப்பியும் போட்டிருக்கிறார்கள், பிறகும் மேலுதடும் நாடியும் ஏன் கறுக்கிறது என்று கேட்பார்கள். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த கடல்மணல் தன்மேல் விழுகிற புற ஊதாக் கதிரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கையும், அலை நுரை கால்வாசியையும் திருப்பி எறிகிறது என்று உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொல்கிறது. தொப்பிக்கு அடியால் வந்து விழுகிற வெளிச்சம் அது. பிள்ளைத்தாய்ச்சிக்கும், குடும்பத் திட்ட வில்லை குடிப்பவர்களுக்கும் ஓமோன் மாற்றத்தால் கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு விழுவது சகஜம். வெயிலும் சேர்ந்தால் அது ஆழமாக இறங்கிவிடும். வில்லையைத் தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள், மிட்வைஃப் மிஸ்ஸிடம் கதைத்து வேறு முறைக்கு மாறலாம் என்று சொல்லுங்கள். சன்ஸ்கிறீம் நல்லதுதான். மங்குக்கு வெறும் வெள்ளைச் சன்ஸ்கிறீமைவிட இரும்பு ஒக்சைட் கலந்து தோல் நிறத்தில் வருவது மேல், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டுகிறது. ஆனால் அதன் விலை நாள்கூலிக்காரிக்குக் கட்டாது. வாயையும் மூக்கையும் மறைத்துக் கட்டுகிற நெருக்கமாக நெய்த பருத்தித் துணி ஒன்று அந்த வேலையைச் செய்யும்.

இப்போது லாச்சிக்குள் இருக்கிற டப்பாவுக்கு வருகிறேன்.

அதில் இரண்டு வகை. ஒன்று ஸ்டெரொய்ட் கலந்தது. தோல்நோய் வல்லுநர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975இல் அமெரிக்காவில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினொயின், டெக்சாமெதசோன் மூன்றையும் கலந்து ஒரு கறுப்பு நீக்கும் கிறீமைச் சொன்னார். டொக்டர் பார்வையில், குறுகிய காலத்துக்குப் பூச வேண்டியது. அந்தக் கலவையின் வாரிசுகள் இன்று முகக்கிறீம் என்ற பெயரில் கடை கடையாக விற்கின்றன; அது கிடைக்காவிட்டால் சொறிக்குக் கொடுக்கிற பெட்டாமெதசோன் டியூப்பை முகத்துக்குப் பூசுகிறார்கள். இந்தியாவில் இது எவ்வளவு பெருகியது என்றால், 2018இல் அரசாங்கம் 14 வகை ஸ்டெரொய்ட் பூச்சுகளை டொக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று சட்டத்தை இறுக்கியது. முதல் பத்து நாள் முகம் பளிச்சிடும், பரு அடங்கும், ஆளே மாறிப்போவாள். இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரியும், மயிர் முளைக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், வாயைச் சுற்றிக் குறுணி குறுணியாகப் பரு கிளம்பும். அதற்கொரு அடையாளம் உண்டு: உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் தப்பியிருக்கும், அதற்கு வெளியே பரு இருக்கும். அது மறைந்த இடமெல்லாம் கறுக்கும். ஜெர்மனியில் ஒரு காலம் இதை விமானப் பணிப்பெண் நோய் என்று அழைத்தார்கள், முகத்தில் ஓயாமல் எதையாவது பூசிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்ததால். இதற்கு வைத்தியம் பூசுவதையெல்லாம் நிறுத்துவது. நிறுத்தியதும் சில கிழமைக்கு இன்னும் மோசமாகும். அந்த நேரம் பயந்து மறுபடி பழைய டியூப்பையே தேடி என்னிடம் வருவார்கள். பல மாதமாகப் பூசியவர்கள் டொக்டர் சொல்கிறபடி படிப்படியாக விட வேண்டும்.

மற்ற வகைக்கு டப்பாவில் பெயர் இருக்காது, அல்லது நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும்.

போன வருடம் ஒரு தாத்தா அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். மகளுக்கு வாங்கியதாம். சந்தனக்கிண்ணம் அளவு வெள்ளை டப்பா, மூடி மஞ்சள். செய்த கம்பனி இல்லை, திகதி இல்லை, என்ன போட்டுச் செய்தது என்ற பட்டியலும் இல்லை. திறந்தேன். மேற்பரப்பு சாம்பல் நிறம். அவர் சுண்டுவிரலால் கிண்டிக் காட்டிய அடிப்பக்கம் நல்ல வெள்ளை. மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு வரி: பூசும்போது தங்க வெள்ளி நகைகளைக் கழற்றிவிடவும். "நகை ஏன் மிஸ் கழட்டச் சொல்றாங்க?" என்று அவரே கேட்டார்.

மணப்பெண்ணுக்கு நகை பூட்டிவிடுகிற உங்களுக்கு இந்தக் கேள்வியின் பதில் தெரிந்திருக்க வேண்டும். பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும். தட்டானிடம் கேட்டால் சொல்வார். கிறீமில் பாதரச உப்பு இருப்பதற்கான அடையாளங்களில் இந்த எச்சரிக்கையும் ஒன்று. வெளிச்சத்தில் சாம்பலாவது இன்னொன்று. ஆனால் எல்லாம் அப்படி மாறும் என்றில்லை, ஆகவே வெள்ளையாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பாதரசம் மெலனின் செய்யும் நொதியை முடக்குகிறது, அதனால்தான் முகம் வேகமாக வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்திலும் நரம்பிலும் தங்குகிறது. தலையணை உறையிலும் துவாயிலும் ஒட்டி, பூசாத பிள்ளையின் உடம்புக்கும் போகிறது.

கேரளத்தில் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரி. 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை அங்கே ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரில் புரதம் போய், கால் வீங்கி, மூத்திரம் நுரைத்து. அவர்களில் 15 பேருக்கு வழமையில் அபூர்வமாகக் காண்கிற ஒரே மாதிரி அடையாளம் சிறுநீரகத்தில் தெரிந்தது. விசாரித்தால் அந்தப் 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். பூச்சை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். கடல் தாண்டினால் இந்தியக் கரை; அங்கே விற்கிற டப்பா இங்கே வராது என்று யார் சொல்ல முடியும்?

மினமாட்டா என்ற பெயரைக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஜப்பானில் நம்மைப்போல மீன்பிடிச் சனங்கள் வாழ்ந்த ஒரு விரிகுடா. ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்ற குடும்பங்களின் கைகால்களை முடக்கியது. 1956இல் அது நோய் என்று பதிவானது. அந்த ஊரின் பெயரால்தான் 2013இல் பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 2017இல் அதில் சேர்ந்தது. அதன்படி 2020க்குப் பிறகு பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள முகப்பூச்சு செய்யவோ இறக்கவோ கூடாது. 2023இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட முடிவானது. காகிதத்தில் எல்லாம் சரி. டப்பா பஸ்ஸில் வருகிறது, பயணப் பெட்டியில் வருகிறது, ஃபேஸ்புக்கில் வருகிறது.

அப்படியானால் என்னதான் பூசுவது என்று கேட்பீர்கள். காரணத்தை நிறுத்தி, வெயிலை மறைத்தாலே பாதி வேலை முடியும். மீதிக்கு டொக்டர்மார் எழுதுகிற அசெலாயிக் அசிட், நியாசினமைட் போன்றவை உண்டு. அசெலாயிக் அசிட் பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஆகும். ட்ரெட்டினொயின் அவர்களுக்கு ஆகாது. ஹைட்ரோகுயினோன் நல்ல மருந்து, மூன்று நான்கு மாதத்துக்கு மேல் தொடரக்கூடாத மருந்தும்கூட. வருடக்கணக்கில் பூசியவர்களுக்கு நீலமும் கறுப்புமாக ஒரு கறை ஏறும், அதைப் போக்க வழியில்லை என்றே சொல்லலாம். லேசர் நம் நிறத்துக்குக் கவனமில்லாமல் செய்தால் கறுப்பையே கூட்டும். தோலின் மேல்படையில் நிற்கிற மண்ணிறக் கறுப்பு மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கும். சாம்பல் நீலமாகத் தெரிவது ஆழத்தில் கிடக்கிறது, வருடமெடுக்கும், முழுக்கப் போகாமலும் போகலாம். கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நேர்மையான ஒரே வைத்தியம் உங்கள் கையில்தான் இருக்கிறது: கொஞ்சம் செம்மஞ்சள் கலந்த கன்சீலர், அதன்மேல் பவுண்டேஷன். அதில் நீங்கள் கெட்டிக்காரிகள். இரவோடு கழுவினால் போய்விடும், சிறுநீரகத்துக்குப் போகாது.

சில முகங்களைப் பார்லரில் வைத்துக்கொள்ளவே கூடாது. உதடு மட்டுமல்லாமல் முரசும் உள்ளங்கை ரேகையும் கறுத்து, ஆள் மெலிந்து, எழும்பினால் தலை சுற்றி, உப்பை அள்ளித் தின்ன ஆசைப்பட்டால் அது அட்ரீனல் சுரப்பியின் நோயாக இருக்கலாம். தோமஸ் அடிசன் 1855இல் எழுதிவைத்தது, கவனிக்காவிட்டால் உயிர் போகும். சின்ன வயதிலிருந்தே உதட்டில் கறுப்புப் புள்ளிகளும் அடிக்கடி வயிற்றுக்குத்தும் இருந்தால் குடலில் கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெற்றிலை போடுகிற பெரியவர்களின் வாய்க்குள் வெள்ளைத் தழும்பு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், முழுக்கத் திறக்க முடியாத வாய், இவற்றைக் கண்டால் அன்றைக்கே அனுப்புங்கள்.

எங்கே அனுப்புவது? அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டிக்கு. அங்கிருந்து சரும கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். இதுவரை பூசிய எல்லா டியூப்பையும் டப்பாவையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். என்ன பூசினாய் என்ற கேள்விக்கு நம் பெண்கள் பெரும்பாலும் "சும்மா ஒரு கிறீம்" என்றுதான் பதில் சொல்கிறார்கள். அந்தப் பை இருந்தால் டொக்டருக்குப் பாதி நேரம் மிச்சம்.

உங்கள் லாச்சியிலிருக்கிற பெயரில்லாத டப்பாக்களை அடுப்பில் எரிக்காதீர்கள், பாதரசம் புகையாகி வீட்டுக்குள்ளேயே நிற்கும். களப்பிலோ கடலோரத்திலோ வீசவும் வேண்டாம். மூடியை இறுக்கி, பொலித்தீன் பையில் கட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். அவரிடம் போகக் கூச்சமென்றால் எங்கள் கடையில் தாருங்கள், யாரிடமிருந்து வந்தது என்று கேட்காமல் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பின்னேரம் அசருக்குப் பிறகு கடையில் ஆள் குறைவு.

இப்படிக்கு,
கற்பிட்டி வீதிப் பாமசியில் நிற்கும் உங்கள் சகோதரி